அந்தக் கை இல்லை

குழந்தைகள் வார்டில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பூட்டு என்றால்தான் தெரியும். வருகைப் பதிவேட்டில் மட்டும் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. ஒருநாள் ஞாபகப் பிசகாக அங்கேயும் பூட்டு என்றே கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுவலகத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வேலை என்னவென்றால், பிடிப்பது. பிள்ளைகளுக்கு ஊசி குத்தி மருந்து ஏற்றும்போது அவர்கள் அசையாமல் பிடிப்பது. அதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. ஊசி அறை மேசையில் பச்சைத் துணியை விரித்துப் பிள்ளையைக் குறுக்கே கிடத்துவான். இடது கையை மட்டும் வெளியே விட்டுவிட்டு, மீதியை எல்லாம் துணிக்குள் வைத்துச் சுருட்டுவான். ஏன் இடது கை என்றால், மேசையின் வலது பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. விளக்கும் இடது பக்கம்தான் இருந்தது. சுருட்டி முடித்ததும் பிள்ளையின் தொடைமேல் தன் மார்பைச் சாய்ப்பான். முழங்கைக்கு ஒரு கை, மணிக்கட்டுக்கு ஒரு கை. அதோடு சரி. அதற்குமேல் அந்தப் பிள்ளை கத்தலாம், துப்பலாம், சாபம் விடலாம். அசைய மட்டும் முடியாது.

பத்து வருடமாக இதே வேலை. இரண்டு முன்னங்கைகளிலும் பல் பதிந்த தழும்புகள். சட்டைக் கையை மடித்துவிட்டு, 'இது பால் பல், இது கடைவாய்ப் பல்' என்று புதிதாக வந்த நர்சுகளுக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வான். வெட்கம் கெட்ட பெருமைதான். ஆனால் அந்த வார்டில் அவனைப் பாராட்டாத ஆள் இல்லை. பூட்டு இருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும் என்று பெரிய டாக்டரே சொல்வார்.

"உனக்குக் கஷ்டமா இல்லையா பூட்டு?" என்று வாசல் காவலாளி ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டான்.

"காதைக் கழட்டி வெளிய ஆணியில மாட்டிட்டுத்தான் உள்ள போவேன்," என்றான் பூட்டு. "எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணையேதான் சொல்லும். ஒண்ணுக்கு வருதுன்னும். அம்மாவைக் கூப்பிடுன்னும். இந்தக் கை வேண்டாம், அந்தக் கைன்னும். அந்தக் கையைத் தொட்டா இந்தக் கைன்னும். அதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னா வேலை நடக்குமா?"

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்குமே அப்போது தெரியவில்லை.

பிறகு அந்த வார்டுக்கு அவன் அக்கா மகள் வந்து சேர்ந்தாள்.

ஏழு வயது. வீட்டில் கட்டெறும்பு என்று பெயர். இரண்டு வயதில் பூட்டின் காது மடலைக் கடித்து ரத்தம் பார்த்தவள். பெயரை வைத்தவனும் அவனே. மாமனும் மருமகளும் சேர்ந்தால் வீடு ரெண்டுபடும். அவன் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இடது கையால் அவன் வழுக்கையில் பேனாவால் படம் போடுவாள். எழுதுவது, வரைவது, அடிப்பது எல்லாமே அவளுக்கு இடது கைதான்.

ஊஞ்சலில் இருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே அடிபட்டது. அடி ஆறிவிட்டது, ஆனால் எலும்புக்குள் சீழ் பிடித்துக்கொண்டது. எலும்பைத் திறந்து கழுவினார்கள். இனி ஆறு வாரம் மருந்து நேராக ரத்தக் குழாய்க்குள் போக வேண்டும். அதற்காகக் கையில் சொருகி வைக்கும் சின்னக் குழாய்க்கு வார்டில் லைன் என்று பெயர். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அது வீங்கும், அடைத்துக்கொள்ளும். வேறு இடத்தில் புதிதாகக் குத்த வேண்டும்.

முதல் லைன் அறுவை சிகிச்சை மயக்கத்திலேயே போடப்பட்டதால் அவளுக்கு அது தெரியாது. இரண்டாவது லைன் போடும் நாளில் பூட்டுக்குத்தான் ஊசி அறையில் முறை. அம்மாவை வெளியே நிறுத்திக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். தாய்மார்கள் உள்ளே நின்றால் அழுது காரியத்தைக் கெடுப்பார்கள் என்பது அந்த அறையின் சட்டம். தெரியாத முகங்களுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்த கட்டெறும்பு, அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"மாமா வந்துட்டாரு," என்று இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினாள். தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்று நம்பினாள்.

நீட்டிய கைகளில் ஒன்றை அவன் துணிக்குள் வைத்துச் சுருட்டினான்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் வார்டுக்குள் காலடி வைத்தால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சரியாகவில்லை, முற்றியது. மூன்றாவது லைன் போடும் அன்று துணியைச் சுருட்டும் முன்பே அவள் நல்ல காலால் உதைத்தாள். தட்டு பறந்தது. ஊசி பெரிய சிஸ்டரின் உள்ளங்கையில் ஏறி மறுபடி வெளியே வந்தது. பெரிய சிஸ்டர் இருபத்தாறு வருட சர்வீஸ். மூக்கு நுனியில் கோபம். ரத்தம் சொட்டச் சொட்டக் கையை ஓங்கி, அந்தப் பிஞ்சுக் கன்னத்தில் ஒன்று விட்டார். கட்டெறும்பின் உதடு கிழிந்தது. பல்லிலெல்லாம் ரத்தம்.

பூட்டு பிடியை விடவில்லை. அறை விழுந்தபோதும் அவன் கைகள் முழங்கையிலும் மணிக்கட்டிலும் இருந்தன. ஆனாலும் விடவில்லை. அடி வாங்குவதற்கு வசதியாக அவனே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாக அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெளியே வந்ததும் கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் அவன் மண்டையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் புருவம் பிளந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையைக் காவலாளி வந்து பிடித்துக்கொண்டான்.

"அவ அடிக்கிறா, நீ பிடிச்சுக்கிட்டே இருக்கியேடா," என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "நீயெல்லாம் ஒரு மாமனா?"

அவனுக்கு மூன்று தையல். கீழே போலீஸ் புகார் என்று பேச்சு வந்தபோது, படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்தான்.

அன்று எப்படியோ போட்டு முடித்த லைனும் நிலைக்கவில்லை. மறுநாள் மதியம் அம்மா கை கழுவப் போன நேரத்தில், கட்டெறும்பு அதைப் பல்லால் கடித்து இழுத்துப் பிடுங்கிவிட்டாள். மெத்தையெல்லாம் ரத்தம். அடுத்த லைன் போட அவள் யாரையும் கிட்டே விடவில்லை. கடித்தாள், பிறாண்டினாள், தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். ஒரு நாள் மருந்து போச்சு. காய்ச்சல் திரும்ப ஏறியது.

பெரிய டாக்டர் அக்காவையும் பூட்டையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மருந்து உள்ள போகணும். திரும்பத் திரும்ப இப்படித் தடைப்பட்டா எலும்பை மறுபடி திறக்க வேண்டி வரும். அதுக்கப்புறம் இந்தக் கால் அந்தக் கால் அளவுக்கு வளருமான்னு என்கிட்ட கேட்காதீங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பூட்டு தன் கைகளைப் பார்த்தான். இந்த இரண்டு கைகளையும் பார்த்துத்தான் பிள்ளை மருந்தையே வெறுத்துவிட்டது என்பது அவனுக்கு விளங்காமல் இல்லை. சுருட்டிப் பிடித்து ஒரு லைன் போட்டுவிடலாம். அதை அவள் பிடுங்காமல் ஆறு வாரம் யார் பிடித்துக்கொண்டிருப்பது?

வழி சொன்னது சின்ன சிஸ்டர். வேலைக்கு வந்து நாலு மாதம்கூட ஆகாத பெண். மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் கைவிட்டு, தூசி படிந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள்.

"இது மரத்துப் போற க்ரீம். கையில தடவி மேல பிளாஸ்டிக் ஒட்டிட்டு ஒரு மணி நேரம் விடணும். அப்புறம் குத்தினா தெரியாது. அம்மா மடியில உட்கார வெச்சே போடலாம்."

பூட்டு பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?"

"வருஷா வருஷம் வரும் போல. தேதி முடிஞ்சதும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கி வைப்பாங்க."

"ஏன் யாரும் போடல?"

"ஒரு மணி நேரம் ஆகுமே. பிள்ளைங்க காத்திருக்கும். நாமதான் காத்திருக்க மாட்டோம்."

அவன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிதானமாக நடந்து ஊழியர் கழிப்பறைக்குப் போனான். உள்ளே போய்த் தகரக் கதவை ஓங்கிக் குத்தினான். கதவு உள்வாங்கியது. திரும்பவும் குத்தினான். முட்டிகள் கிழிந்தன. பக்கத்து அறையில் இருந்தவன் யாரப்பா அது என்று அலறினான். பத்து வருடமாக, பத்தடி தூரத்தில், ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில். அவனுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்து, முதலில் தன் கையிலேயே ஒரு பொட்டுத் தடவி மூடிக்கொண்டான். ஒரு மணி நேரம் பொறுத்து, ஒன்றே முக்கால் மணிக்குக் கட்டெறும்பின் கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்தான். மேலே போர்வை ஒரு குவியலாகக் கிடந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எறும்பு."

போர்வை சுவர்ப் பக்கம் புரண்டது.

"ஒரு க்ரீம் இருக்கு. தடவினா கை தூங்கிடும். குத்தினாலும் அதுக்குத் தெரியாது."

"பொய்," என்றது போர்வை.

"என் கையில தடவி வெச்சிருக்கேன். நீயே குத்திப் பாரு." அக்காவின் புடவையில் இருந்த சேஃப்டி பின்னைக் கேட்டு வாங்கி நீட்டினான்.

போர்வைக்குள் இருந்து ஒரு கண் வந்தது. பிறகு இடது கை. பின்னை வாங்கியவள் ஈவு இரக்கம் பார்க்கவில்லை, அழுத்திக் குத்தினாள். ரத்தம் பொட்டாக வந்தது. பூட்டு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"வலிக்கலையா?"

"இல்ல."

அவள் யோசித்தாள். பின்னை இரண்டு அங்குலம் தள்ளி, க்ரீம் படாத இடத்தில் இறக்கினாள். பூட்டு துள்ளி விழுந்து தலையைக் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டான். தையல் போட்ட இடம். போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்பது நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு. அக்காவே வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். அந்த நேரம் உலகத்தையே எழுதிக் கொடுத்தாலும் பூட்டு வாங்கியிருக்க மாட்டான்.

பேரம் ஆரம்பித்தது. வலது கையில்தான் போட வேண்டும், படம் வரைய இடது கை வேண்டும். சரி. அம்மா மடியில் உட்கார்ந்துதான். சரி.

"நீ பிடிக்கக் கூடாது."

"பிடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா பிடிக்க மாட்டேன்."

சின்ன சிஸ்டர் காட்டியபடி அவனே வலது புறங்கையில் க்ரீமை வைத்தான். மேலே பிளாஸ்டிக்கை ஒட்டினான். அதன்மேல் பேனாவால் ஓர் எறும்பு வரைந்தான். அது ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. அவள் நோண்டிப் பிய்த்துவிடக் கூடாதே என்று, துவைத்து வைத்திருந்த தன் காலுறை ஒன்றை அந்தக் கைக்கு உறையாக மாட்டிவிட்டான். எறும்பு உள்ளே மறைந்துபோனது.

"மூணு மணிக்கு நானே வந்து போட்டு விடறேன்," என்றாள் சின்ன சிஸ்டர். "நான் இல்லாதப்போ வேற யாராவது வந்தா வலது கைன்னு சொல்லிடுங்க. மறக்காதீங்க."

"மறப்பேனா?" என்றான் பூட்டு.

மூன்று மணி ஆக இருபது நிமிடம் இருக்கும்போது கீழே சைரன் கேட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் கெட்டுப்போன சாப்பாடு. வாந்தியும் மயக்கமுமாகப் பதினொரு பிள்ளைகள். வார்டே தலைகீழானது. நடைபாதையில் குழந்தைகள் கிடந்தன. பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒரு தகப்பன் காவலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். சின்ன சிஸ்டரைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊசி அறைக்குப் பெரிய சிஸ்டர் வந்தார், உள்ளங்கையில் கட்டோடு.

பூட்டு கட்டெறும்பைத் தூக்கிக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றான்.

"அம்மா வெளிய," என்றார் பெரிய சிஸ்டர்.

"சிஸ்டர், இன்னைக்கு அக்கா மடியில வெச்சு..."

"உங்க அக்கா மடியில எனக்கு வெளிச்சம் இல்ல. வெளிய பதினோரு புள்ளைங்க கிடக்குது. படுக்க வை."

"க்ரீம் போட்டிருக்கு சிஸ்டர்."

"போட்டா நல்லதுதானே. படுக்க வை பூட்டு."

எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கை என்று இவனும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் வெளியே ஏதோ கண்ணாடி உடைந்தது, யாரோ வீரிட்டார்கள். பெரிய சிஸ்டர் அக்காவை வெளியே தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தி, "தாழ்ப்பாள்" என்றார். பத்து வருடப் பழக்கம். கை போய்த் தாழ்ப்பாளைப் போட்டது. அதே கை வந்து பச்சைத் துணியை விரித்தது. பிள்ளையைக் குறுக்கே கிடத்தியது. இடது கையை வெளியே விட்டு, காலுறை மாட்டிய வலது கையைத் துணிக்குள் வைத்துச் சுருட்டியது.

கட்டெறும்பு அவன் முகத்தையே பார்த்தாள். "பிடிக்க மாட்டேன்னு சொன்ன."

"சும்மா கை வெச்சிருக்கேன்டா. இறுக்கல."

பெரிய சிஸ்டர் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார்.

"அந்தக் கை இல்ல," என்றாள் கட்டெறும்பு.

பெரிய சிஸ்டர் தோலைத் தட்டி நரம்பு தேடினார்.

"அந்தக் கை இல்ல. மாமா, அந்தக் கை இல்ல. அந்தக் கை இல்ல."

எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். அவன் காது வெளியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் திமிறியதும் அவன் மார்பு தானாக அவள் தொடையில் சாய்ந்தது. முழங்கைக்கு ஒரு கை, மணிக்கட்டுக்கு ஒரு கை. பூட்டு விழுந்தது.

மரத்துப் போகாத கையில் ஊசி இறங்கியது.

அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற அக்கா கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். கட்டெறும்பு தலையை வெட்டி இழுத்து, எட்டிய இடத்தில் கடித்தாள். எட்டியது அவன் வலது கட்டை விரல். பால் பல் விழுந்து புதிதாக முளைத்த பற்கள், எலும்பு வரைக்கும் போயின. அவன் விடவில்லை. நரம்பு உடைந்து அவள் புறங்கை ஊதிக் கறுத்தது. "போச்சு," என்று ஊசியை உருவிப் போட்டுவிட்டு, பெரிய சிஸ்டர் புது ஊசியை எடுத்தார். அதே கையில் ஒரு விரல் அளவு மேலே குத்தினார். உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். கட்டெறும்பு வாந்தி எடுத்தாள்.

அவளுக்குக் கத்தத் தெம்பு இல்லை. அவன் விரலைப் பல்லிலிருந்து விட்டுவிட்டு, அவன் காதோடு சேர்த்து மெதுவாகச் சொன்னாள்.

"தூங்குற கை உள்ள இருக்கு மாமா."

பத்து வருடத்தில் எந்தப் பிள்ளையும் சொல்லாத வார்த்தை அது. பூட்டின் காது அப்போதுதான் திரும்பி வந்தது. துணிக்குள் அவன் சுருட்டி வைத்த கை, அவனே தடவிய க்ரீம், அவனே வரைந்த எறும்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பெரிய சிஸ்டர் மூன்றாவது ஊசியைப் பிரித்துவிட்டார்.

"சிஸ்டர், நிறுத்துங்க. வலது கை."

"பேசாம பிடி."

அவன் பிடித்தான், ஆனால் அவர் மணிக்கட்டை. ஊசியோடு இறங்கிக்கொண்டிருந்த கையை, அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் பூட்டினான். பெரிய சிஸ்டர் முதலில் நம்பவில்லை. பிறகு இழுத்துப் பார்த்தார். பிறகு மற்ற கையால் எவர்சில்வர் தட்டை எடுத்து அவன் காதில் அறைந்தார். தையல் தெறித்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. மறுபடி அறைந்தார். அவன் இன்னும் இறுக்கினான். அவர் கைக்கடிகாரக் கண்ணாடி நொறுங்கித் தோலுக்குள் ஏறியது. "விடுடா," என்றார் அவர். "கை போகுதுடா." அவன் காதில் அது விழத்தான் விழுந்தது. ஆனால் விடவில்லை. பத்து வருடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்துப் பிடித்தான் என்று சொன்னால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அவனுக்கு வெறி பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஏதோ ஒன்று உள்ளே முறிந்த சத்தம் கேட்டது. பெரிய சிஸ்டர் முழந்தாளிட்டு விழுந்தார். அவரும் பிள்ளை சொல்வதைக் கேட்கக் காத்திருக்காத ஆள்தான். என்றாலும் வெளியே பதினொரு பிள்ளைகளுக்கு லைன் போட வேண்டிய கை அது.

தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். தினமும் கூட டீ குடிக்கும் காவலாளி தடியை அவன் முழங்கால் மடிப்பில் இறக்கினான். முதுகில் நாலு போட்டான். பூட்டு தடுக்கவில்லை. அவன் கைகளைப் பின்னால் முறுக்கி நடைபாதைக்கு இழுத்துப் போய்க் கதவோரச் சுவரோடு அழுத்தினார்கள். அவன் முகம் கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு நேராக இருந்தது.

போலீஸ் வரும். வேலை போகும். அது அவனுக்குத் தெரிந்தது. அதில் வருத்தமும் இல்லை. அவன் கவலை எல்லாம், இனி அந்தப் பிள்ளை எந்தக் கையையாவது யாரிடமாவது நீட்டுமா என்பதுதான்.

பெரிய சிஸ்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். சின்ன சிஸ்டர் ஓடி வந்தாள். கதவின் தாழ்ப்பாள் உடைந்து கிடந்ததால் அக்காவை யாரும் தடுக்கவில்லை. அக்கா பிள்ளையைத் துணியில் இருந்து உருவி எடுத்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். சின்ன சிஸ்டர் அவசரப்படவில்லை. தரையில் மண்டியிட்டுக் காத்திருந்தாள். நடைபாதையில் கூச்சல் போட்டவர்களைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு கையை மட்டும் காட்டினாள்.

பிறகு கட்டெறும்பு தானே காலுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். எறும்பு அழியாமல் இருந்தது. பிளாஸ்டிக்கை உரித்து, க்ரீமைத் துடைத்து, வெளுத்திருந்த தோலைச் சின்ன சிஸ்டர் தன் கைகளுக்குள் வைத்துச் சூடாக்கினாள். ஊசி இறங்கியது. கட்டெறும்பு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு."

யாரும் பிடிக்கவில்லை. மேசையில் பச்சைத் துணி சும்மா கிடந்தது. ஒரு நாளைக்கு ஆறு பிள்ளைகள், ஏழு பிள்ளைகள் என்று பூட்டு மனதுக்குள் பெருக்கிப் பார்க்கத் தொடங்கினான். ஒரு வருடத்தைத் தாண்ட முடியவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

அவன் அழுகையைத் திமிறல் என்று நினைத்த காவலாளி, பின்னால் இருந்த கைகளை இன்னும் முறுக்கினான். கடிபட்ட கட்டை விரல் அவன் பிடிக்குள் நசுங்கியது. கண்ணில் பொறி பறந்தது.

"அந்தக் கை வேண்டாம்ப்பா," என்றான் பூட்டு. "இந்தக் கையைப் பிடிச்சுக்கோ. அதுல கடி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்றான் காவலாளி.

அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கட்டெறும்பின் வலது கையில் லைன், அதைச் சுற்றிச் சுத்தமான வெள்ளைக் கட்டு. இடது கை வீங்கித் தொங்கியது. அக்கா தம்பியைப் பார்க்காமல் கடந்துபோகத்தான் நினைத்தாள். பிள்ளை அவள் தோளை இழுத்து நிறுத்தினாள். மாமாவின் முதுகுப் பக்கம், காவலாளியின் விரல் இடுக்கில் இருந்து ரத்தம் சொட்டுவதை அவள் பார்த்தாள்.

"அந்தக் கையை விடுங்க," என்றாள்.

"நீ போம்மா," என்றான் காவலாளி.

"அந்தக் கை இல்ல. அது நான் கடிச்ச கை. அவருக்கு வலிக்குது."

"சரி சரி, நீ போய்ப் படுத்துக்கோ," என்று காவலாளி தலையை ஆட்டினான். பிடி அப்படியே இருந்தது.

மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை. அம்மாவின் இடுப்பில் இருந்து சரிந்து குனிந்து, காவலாளியின் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு கையை விட்டான்.